அனந்தி நம்பிய வக்கீல்

செஞ்சிக் கடைவீதியில் எங்களுடையது இரும்புக் கடை. பூட்டு, தாழ்ப்பாள், ஆணி, மண்வெட்டி, தாம்புக் கயிறு எல்லாம் கிடைக்கும். கணவர் காலமான பிறகு கல்லாவில் நான்தான் உட்காருகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிடச் சீக்கிரம் வரும். வேதநாயகி கடையில் பேரம் பேசினால் திட்டு விழும் என்று பயந்தே பாதிப் பேர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் எழுதப் போவது கோபப்படவே தெரியாத ஒருத்தியைப் பற்றி. அவளுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டு எனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

அவள் பெயர் அனந்தி. பிறந்தது சீயமங்கலம், வாழ்க்கைப்பட்டது சிங்கவரம் போகிற ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டுக்கு. கணவர் அப்பாண்டைநாதன். ஊரில் எல்லோரும் அவரை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் ஜைனக் குடும்பம், நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள். மல்லாட்டையும் நெல்லும் போடுவார்கள். மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்குப் பேர். ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். மண்வெட்டிக்குக் காம்பு போட, கயிறு வாங்க என்று அனந்தி கடைக்கு வந்து வந்துதான் எனக்குப் பழக்கம். என்னை அக்கா என்பாள். சாயங்காலம் வந்தால் நிற்கமாட்டாள். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் அவர்கள் வீட்டில் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இருட்டின பிறகு அடுப்பும் கிடையாது, இலையும் கிடையாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி சோற்றில் விழுந்து சாகக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. இப்போதெல்லாம் அவர்களிலேயே பல பேர் விட்டுவிட்டார்கள். அனந்தி விடவில்லை. ஒரு நாள் பஸ் தாமதமாகிவிட்டது, என் கடையில் சூடாக இட்லி இருந்தது, சாப்பிடு என்று எவ்வளவோ சொன்னேன். சிரித்துக்கொண்டே தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கட்டுப்பாடே அவள் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

நைனார் நிலத்துக்குப் பின்னால் ஒரு கல்குவாரி வந்தது. அருண்பிரசாத் என்பவன் நடத்தினான். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை, இரண்டு போன், எந்தக் கட்சி வந்தாலும் அந்தக் கட்சியில் ஒரு சித்தப்பா. அவனுடைய லாரிகள் நைனாரின் வரப்பை மிதித்துக்கொண்டு போகும். செடியெல்லாம் வெள்ளையாகத் தூசி. நைனார் சண்டை போடுகிற ஆள் இல்லை. மனு எழுதினார். அதிகாரி ஒருத்தர் நேரில் வந்து பார்த்து, லாரி அந்த வழியாகப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். மனு எழுதி ஜெயித்த மனுஷனை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அந்த வாரமே அடித்துவிட்டார்கள். இரவு எட்டு மணி இருக்கும். காய வைத்திருந்த மல்லாட்டையின் மேல் தூறல் போட்டது. நைனார் வாசலில் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அனந்தி மறு முனையில் தார்ப்பாய் பறக்காமல் கல் வைத்துக்கொண்டிருந்தாள். தெருக் கம்பத்தில் விளக்கு எரிந்தது. அருண்பிரசாத் இன்னும் இரண்டு பேரோடு வந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இரும்புக் கம்பியால் பின் தலையில் அடித்தது அவன்தான். பத்தடி தூரத்திலிருந்து அனந்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

நைனார் பிழைத்தார். பிழைத்தார் என்று சொல்லவே எனக்கு நாக்கு கூசுகிறது. வலது கை, வலது கால் போய்விட்டது. பேச்சு போய்விட்டது. காது கேட்கும், எல்லாம் புரியும். சொல்ல மட்டும் முடியாது. இடது கையை ஆட்டி ஜாடை காட்டுவார், இல்லையென்றால் 'ம்' என்பார். அவரை யார் அடித்தார்கள் என்று உலகத்துக்குச் சொல்ல அனந்தியின் வாய் ஒன்றுதான் பாக்கி.

அன்றைக்கு ராத்திரி ஆஸ்பத்திரியில், நைனாரைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் நிற்கும்போது, ஒரு போலீஸ்காரர் வந்து புகார் எழுதினார். அனந்தி அழுதுகொண்டே சொன்னதில் பாதியைக் கேட்டார், பாதியை அவராகவே எழுதினார். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அவர் எத்தனையோ புகார் எழுதின கை. 'இரவு எட்டு மணியளவில் நானும் என் கணவரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே சத்தம் கேட்டு' என்று அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. அனந்தி படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஆம்புலன்சில் ஏறினாள்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. அரசுத் தரப்பு வக்கீல் அரங்கநாதன். நாற்பது வயதுக்காரர், நல்ல உயரம், குரல் கணீரென்று இருக்கும். ஒரு நாள் சாட்சிகளைத் தன் ஆபீசுக்கு வரச் சொன்னார். அனந்தி தனியாகப் போகத் தயங்கினாள் என்று கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். அங்கேதான் அந்தப் புகாரை முதல் தடவையாக அவளுக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். சாப்பாட்டு வரி வந்ததும் அவள் முகம் மாறியது.

"சார், இது தப்பு சார். நாங்க பொழுதுபோனா சாப்பிடமாட்டோம். அப்ப வாசல்ல மல்லாட்டைய மூடிக்கினு இருந்தோம். சத்தம் கேட்டு நான் வெளிய வர்ல. வெளியதான் இருந்தேன்."

அரங்கநாதன் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். இதை இப்போது திருத்தப் போனால் வேறு எதெல்லாம் பொய் என்று எதிர்த்தரப்புக்காரன் கிளப்புவான், சாப்பாட்டைப் பற்றி நான் கேட்கவே மாட்டேன், கம்பி, விளக்கு, முகம், இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள் என்றார். உங்கள் சாமி வழக்கம் எல்லாம் அந்தப் பக்கத்து வக்கீலுக்கு எங்கே தெரியப் போகிறது, இதை இந்த ரூமுக்கு வெளியே யாரிடமும் பேசாதீர்கள் என்றும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கே தெம்பாக இருந்தது. ஆள் கெட்டிக்காரர் என்றுதான் நினைத்தேன்.

வரும்போது பஸ் ஸ்டாண்டில் அனந்தி சொன்னாள், எங்க வக்கீலு நல்ல மாதிரி அக்கா, மறைக்காம எல்லாத்தையும் சொல்லிட்டேன், மனசு லேசா இருக்குது என்று. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். அடி வாங்கினவனுக்காகக் கோர்ட்டில் எழுந்து நிற்கிறவர் எங்கள் வக்கீல். டாக்டரிடம் மறைத்தால் மருந்து பலிக்காது, வக்கீலிடம் மறைத்தால் வழக்கு பலிக்காது என்று நினைத்து வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவோம். அவர் யாருடைய வக்கீல் என்று கேட்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் ஆட்சி மாறியது. ஆட்சி மாறினால் அரசு வக்கீல்களும் மாறுவார்கள், அது எங்கும் நடப்பதுதான். அரங்கநாதன் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஆபீஸ் திறந்தார். வித்யாஸ்ரீ என்று ஒரு பெண் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்தாள். கெட்டிக்காரப் பெண், கண்ணாடி போட்டிருப்பாள். கொஞ்ச நாளில் அருண்பிரசாத்தின் கார் அந்த ஆபீஸ் வாசலில் நிற்பதைப் பார்த்தேன். குவாரிக்காரனுக்கு ஆயிரம் வழக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நைனார் வழக்கில் அவன் பக்கம் வக்காலத்துப் போட்டது வித்யாஸ்ரீ என்று பிற்பாடுதான் தெரிந்தது. அரங்கநாதனின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. அந்த வழக்கு கூப்பிடுகிற நாளில் அவர் கோர்ட் பக்கமே வரமாட்டார்.

அனந்தி கூண்டில் ஏறிய நாள் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் வருகிறது. புது அரசு வக்கீலுக்கு வழக்குக் கட்டு கைக்கு வந்தே சில நாள்தான் ஆகியிருந்தது. கம்பி, விளக்கு, முகம், மூன்றையும் கேட்டார். அவளும் தடுமாறாமல் சொன்னாள். பிறகு வித்யாஸ்ரீ எழுந்தாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். நீங்கள் ஜைனர்தானே அம்மா என்றாள். ஆமாம் என்றாள் இவள். சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுகிற வழக்கம் உண்டா என்றாள்.

இல்லை என்றாள் அனந்தி. ஒரு நாளாவது, உடம்பு சரியில்லாத நாளிலாவது சாப்பிட்டதுண்டா என்றாள். இல்லை. வித்யாஸ்ரீ புகாரை எடுத்துச் சாப்பாட்டு வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"அப்ப இதுல எழுதியிருக்கிறது பொய்யா அம்மா?"

"அது நான் சொன்னதில்ல. அவங்களா எழுதிக்கினது."

"கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

அடுத்த கேள்விக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். தவறு என்று தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டிருந்தால் போதும், அரங்கநாதனிடம் சொன்னேன் என்று அனந்தி பெயரோடு சொல்லியிருப்பாள். அந்தக் கேள்வியை மட்டும் வித்யாஸ்ரீ கேட்கவில்லை. அவ்வளவுதான் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புது அரசு வக்கீல் எழுந்து அனந்தியை மறுபடி விசாரித்து விளக்கம் வாங்கியிருக்கலாம். அவர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கதவு மூடியது அவருக்குத் தெரியவே இல்லை.

தீர்ப்பு வந்தது. நேரில் பார்த்த ஒரே சாட்சி மனைவி, அவருடைய புகாரின் அடிப்படையே தவறு என்று அவரே ஒப்புக்கொள்கிறார், எதிர்த்தரப்பு சொல்வதுபோல் பரண் மேலிருந்து விழுந்தாலும் இப்படிக் காயம் படலாம் என்று டாக்டரும் சொல்கிறார், ஆகவே சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை. வெளியே பட்டாசு வெடித்தார்கள்.

அன்றே அரங்கநாதனின் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றாள் அனந்தி. சண்டை போடத்தான் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் போனது கேட்டுத் தெரிந்துகொள்ள. உங்ககிட்ட சொன்னது அந்தப் பொண்ணுக்கு எப்படி சார் தெரிஞ்சுது என்று, வழி கேட்பது போலத்தான் கேட்டாள். அரங்கநாதன் எங்களை உட்கார வைத்தார், டீ வாங்கி வரச் சொன்னார்.

"அம்மா, நீங்க தப்பா புரிஞ்சிக்கினு இருக்கீங்க. நான் எப்பவும் உங்க வக்கீல் இல்ல. கவர்மெண்ட் வக்கீல். நீங்க எனக்கு வக்காலத்தே குடுக்கலையே. இப்ப கவர்மெண்ட்டுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. நீங்க என் கட்சிக்காரரா இருந்தாதான், சொன்னத ரகசியமா காப்பாத்தற கடமை எனக்கு இருக்குது."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவர் கோபப்படவில்லை. அனந்தி டீயைத் தொடாமல் எழுந்தாள். படியிறங்கும்போது, அப்போ எனக்குன்னு அங்க யாருமே இல்லையா அக்கா என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்குப் போனதும் நைனார் இடது கையைத் திருப்பிக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். அவள் மறைக்கவில்லை. தோத்துட்டோம், நீங்க பரண்லருந்து விழுந்துட்டீங்களாம், கோர்ட்ல எழுதிட்டாங்க என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாயைத் திறக்க மறுத்தார். கஞ்சி ஊட்டினால் வழிந்து தலையணையில் போகும். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் விட்டுத்தான் காப்பாற்றினோம். உயிர் நிற்க வேண்டுமானால் மனசு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மேல் கோர்ட்டுக்குப் போறேன், உங்கள அடிச்சான்னு அங்க சொல்ல வெக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தார். அதற்கப்புறம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார். அவள் அப்பீல் போனதும் அதற்காகத்தான். அருண்பிரசாத் ஜெயிலுக்குப் போவது போகாதது அவளுக்கு இரண்டாம் பட்சம்.

அரசாங்கம் அப்பீல் போகவில்லை. பாதிக்கப்பட்டவர்களே போகலாம் என்று சட்டம் இருக்கிறதாம். என் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிற வக்கீல் பீமாராவ்தான் சொன்னார். வயசானவர், நல்லவர், பயந்த சுபாவம். இந்தத் தடவை வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது அனந்தி, நீங்க எனக்குத்தானே வக்கீல் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பீல் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் காலை கடை திறக்க வந்தால் எதிரே பெரிய பேனர். அரங்கநாதன் கோட்டுப் போட்டுக்கொண்டு கும்பிடுகிறார். வக்கீல்களிலிருந்து நேரடியாக எடுக்கிற மாவட்ட நீதிபதித் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டாராம். கீழே வாழ்த்துச் சொன்னவர்கள் வரிசையில் அருண்பிரசாத்தின் குவாரிப் பெயர் இருந்தது. காற்றில் அந்தப் பேனர் என் கடைப் பெயர்ப் பலகையை மறைக்கிறது என்று சொல்லி நானே கயிற்றை அறுத்துவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் அன்றைக்கு மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.

அவரைத் தெற்கே எங்கோ போட்டார்கள். இரண்டு மூன்று வருஷம் போனது. அப்பீலை விசாரித்துக்கொண்டிருந்த ஜட்ஜ் ரிடையர் ஆனார். புது ஜட்ஜ் வருகிறார் என்றார்கள். ஒரு நாள் பீமாராவ் மாடியிலிருந்து இறங்கி வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வந்திருப்பது அரங்கநாதன் என்றார்.

அனந்தியை வரவழைத்தோம். பீமாராவ் நிதானமாக விளக்கினார். இந்த ஜட்ஜ் வேண்டாம் என்று மனுப் போடலாம். போட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால், புகாரில் இருப்பது தப்பு என்று சாட்சி சொல்வதற்கு முன்னாலேயே உனக்குத் தெரியும், தெரிந்தும் கோர்ட்டில் நீயாகச் சொல்லவில்லை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அதோடு அப்பீல் செத்துவிடும். போடாமல் இருந்தால் அவரே விலகிக்கொள்வார் என்று நம்பலாம். கொஞ்சம் மானம் இருக்கிற மனுஷன் யாரும் இந்த வழக்கைத் தொடமாட்டான் என்றார். மானத்தை நம்பி வழக்கு நடத்துகிறீர்களா என்று நான் எரிந்து விழுந்தேன். அனந்தி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வழக்கு கூப்பிட்ட நாளில் பின் பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். மேலே அரங்கநாதன். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இந்தப் பக்கம் பீமாராவ். அந்தப் பக்கம் வித்யாஸ்ரீ. நேற்றுவரை ஒரே மேஜையில் சோறு தின்றவர்கள். இப்போது அவள் 'மை லார்ட்' என்கிறாள், இவர் தலையை ஆட்டுகிறார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரங்கநாதன் கட்டைப் புரட்டினார். அனந்தி பக்கம் பார்க்கவே இல்லை. ஆரம்பத்தில் ஓரிரு வாய்தாவுக்கு அரசு வக்கீலாகத் தான் வந்திருப்பது பதிவில் தெரிகிறது, அது அரசாங்க வேலையாக வந்தது, தனக்கு வழக்கின் விவரம் எதுவும் நினைவில்லை என்றார். இரண்டு தரப்பிலும் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். வித்யாஸ்ரீ இல்லை என்றாள். பீமாராவுக்கு அந்தக் கோர்ட்டில் இன்னும் இருபது முப்பது வழக்கு இருக்கிறது. அந்த ஜட்ஜ் முகத்தில் அவர் தினம் முழிக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். எங்களுக்கும் ஆட்சேபணை இல்லை என்றார்.

அனந்தி எழுந்து நின்றாள். அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன், உட்காரவில்லை.

"ஐயா, எனக்கு ஆட்சேபணை இருக்குது."

கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டவாலி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் கும்பிட்டபடியே பேசினாள். குரல் உயரவில்லை.

"ராத்திரி நாங்க சாப்பிடல, போலீஸ்ல தப்பா எழுதிட்டாங்கன்னு உங்க ஆபீஸ்ல உக்காந்து உங்ககிட்டதான் சொன்னேன். யாருக்கும் சொல்லாதன்னு சொன்னது நீங்க. அத அந்தப் பொண்ணுக்குச் சொன்னதும் நீங்க. இப்ப மேல உக்காந்துக்கினு இருக்கிறதும் நீங்க. நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒரு நிமிஷம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். எல்லோர் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டாகிவிட்டது, இனி அந்த ஆள் எந்த முகத்தோடு உட்காருவான்? பீமாராவ் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அரங்கநாதன் பதறவில்லை. அம்மாவை யாரும் தடுக்க வேண்டாம், சொன்னதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த சுருக்கெழுத்தாளரிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மேல்முறையீட்டாளர் தன் புகாரின் முக்கியப் பகுதி உண்மையல்ல என்பதைச் சாட்சியம் அளிப்பதற்கு முன்பே அறிந்திருந்ததாகவும், அறிந்தும் விசாரணையின்போது தானாகத் திருத்தவில்லை என்றும் திறந்த நீதிமன்றத்தில் கூறுகிறார். முன்னாள் அரசு வக்கீலைப் பற்றி அவர் சொல்வது இந்த நீதிமன்றத்தின் நினைவில் இல்லை. எனினும் நீதியின் மேல் யாருக்கும் சிறு சந்தேகமும் வரக்கூடாது என்பதற்காக இந்த நீதிமன்றம் வழக்கிலிருந்து விலகுகிறது. வேறு நீதிமன்றத்துக்கு மாற்றலாம்.

அவள் சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்து அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். வெளியே டீக்கடையில் வக்கீல்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. என்ன பெருந்தன்மை, ஒரு கிராமத்துப் பொம்பளை சொன்னதற்காக விலகிட்டார் பாரு என்றார்கள். கண்ணாடி டம்ளரை எடுத்து எறியலாமா என்று வந்தது. எறியவில்லை. வயசாகிவிட்டது.

புது கோர்ட்டில் ஒரு பெண் ஜட்ஜ். இந்த வழக்கில் நான் குறை சொல்ல முடியாத ஒரே ஆள் அவர்தான். ஒவ்வொரு காகிதத்தையும் படித்தார். பீமாராவையும் முழுசாகப் பேசவிட்டார். தீர்ப்பு நாளில் அனந்தியை முன்னால் வரச் சொல்லித் தமிழிலேயே சொன்னார்.

"நீங்க சொல்றது நிஜமா இருக்கும்னுதாம்மா எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணுறத வெச்சு ஒருத்தர ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. முதல்ல சொன்னது தப்புன்னு தெரிஞ்சும் திருத்தலைன்னு நீங்களே சொல்லி, பதிவாகியிருக்கு."

அப்பீல் தள்ளுபடி. அந்த அம்மா நேர்மையாகத்தான் வேலை செய்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அயோக்கியனைத் திட்டலாம். அவன் எழுதி வைத்த காகிதத்தைப் படித்து ஒழுங்காகத் தீர்ப்புச் சொல்கிற நல்லவரை என்ன சொல்லித் திட்டுவது? சென்னையில் ஹைகோர்ட் இருக்கிறது என்று பீமாராவ் ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்து அனந்தி கும்பிட்டாள், போதும் சார் என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். சிங்கவரம் ரோட்டில் இறங்கி அவளோடு வீடுவரைக்கும் நடந்தேன். நைனார் சாய்வு நாற்காலியில் வாசலைப் பார்த்தபடி காத்திருந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் இடது கை எழுந்துவிட்டது. என்ன ஆச்சு?

அனந்தி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கூண்டில் நின்றுகொண்டு, அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டோம் என்று சொல்லியிருந்தால் ஜெயித்திருக்கக்கூடிய வழக்கில் அந்த ஒரு பொய்யைச் சொல்லாதவள் அவள்.

"ஜெயிச்சிட்டோங்க," என்றாள். "அருண்பிரசாத்துதான் அடிச்சான்னு ஜட்ஜம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க."

நைனார் அவளையே பார்த்தார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் காட்ட முயன்றார், ஒரு கைதான் வந்தது. ஜெயிலா என்று கேட்கிறார் என்று எனக்கே புரிந்தது. ஆமாம், இட்டுக்கினு போய்ட்டாங்க என்றாள். அவர் வாய் கோணி, தோள் குலுங்கி, சத்தம் போட்டு அழுதார். அழுகையா சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு வாயைத் திறந்து காட்டினார். பொழுது இன்னும் இருந்தது. அவள் உள்ளே போய்ச் சோறு பிசைந்து கொண்டுவந்து ஊட்டினாள். முழுசாகச் சாப்பிட்டார். அனந்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. வாசல் பக்கத்து ஜன்னலுக்கும் ஆணி அடித்திருந்தாள். ஆணி என் கடையில் வாங்கியதுதான், எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. நைனார் உள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று இல்லை, வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. வெளியே கொண்டுபோகச் சொல்லி அவளிடம் கையைக் காட்டினார். அனல் அடிக்குது, வேணாங்க என்றாள். குவாரிக்கு இப்போது புது வழி போட்டாகிவிட்டது. அருண்பிரசாத் தினமும் காலையிலும் சாயங்காலமும் அந்தத் தெரு வழியாகத்தான் வண்டியில் போய் வருகிறான்.